பால்மறப்பும் தாய்மனமும்: தமிழ் மரபில் பெயர் பெறாத ஒரு பிரிவு

முன்னுரை

குழந்தை தாய்ப்பாலை விடும் நாள் குடும்ப வாழ்வில் ஆரவாரமின்றிக் கடந்துபோகும் நாள். அதற்கு எவரும் நாள் குறிப்பதில்லை, உற்றாரை அழைப்பதில்லை. எனினும் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிலவிய முதல் உறவு அந்நாளோடு வடிவம் மாறுகிறது. தாயின் உடல் விடுதலை பெறுகிறது. இடையறாத உறக்கம் வாய்க்கிறது. பணிக்குச் செல்ல இயல்கிறது. அதே வேளையில், தன்னால் மட்டுமே தரமுடிந்த ஒன்று இனிக் குழந்தைக்கு வேண்டியதில்லை என்னும் எண்ணம் வருத்துகிறது. நிம்மதியும் இழப்பும் ஒருசேர நிற்கும் இம்மனநிலை தமிழ் மரபில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தோற்றுவாயாக அமைந்தது ஓர் எளிய நிகழ்ச்சி. என் மகள் பால் மறந்த வாரத்தில், “பிள்ளை பால் மறந்துட்டாளா?” என்று திருநெல்வேலியிலிருந்து என் தாயார் தொலைபேசியில் கேட்டார். “முலகுடி மாறியோ?” என்று அடுத்த வீட்டுச் சேச்சி மலையாளத்தில் கேட்டார். இரண்டும் பரிவோடு எழுந்த வினாக்கள். இரண்டும் குழந்தையைப் பற்றிய வினாக்கள். அந்நாளில் தாய்க்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் வினா இரு மொழிகளிலும் எழவில்லை. வழக்கில் எழாத அவ்வினா இலக்கியத்தில் எழுந்துள்ளதா என்று தேடியபோது கிடைத்த செய்திகள் இங்குத் தொகுத்து ஆராயப்படுகின்றன. சங்கப் பாடல்கள், ஆழ்வார் பாசுரங்கள், பிள்ளைத்தமிழ் மரபு, மருத்துவ நூல்கள், மனை வழக்கங்கள், இக்காலச் சட்டங்கள் ஆகியன இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கும்.

1. சொல்லும் வினைமுதலும்

ஒரு சமுதாயம் எதனை உற்று நோக்கியது என்பதற்குச் சொற்களே முதற்சான்று. தாய்ப்பால் முடிவுறுவதைத் தமிழ் ‘பால் மறத்தல்’ என்று குறிக்கிறது. இதன் வினைமுதல் குழந்தை. குழந்தைதான் பாலை மறக்கிறது. புறநானூற்றில் இதே பொருளில் ‘விடுதல்’ என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. அங்கும் பாலை விடுபவன் சிறுவனே. இதன் பிறவினை வடிவங்களான ‘மறக்கச் செய்தல்’, ‘மறக்கடித்தல்’ என்பனவற்றில் தாய் வினைமுதலாகிறாள். ஆனால் அவள் அங்குக் குழந்தையின்மீது ஒரு செயலை நிகழ்த்துபவளாக மட்டுமே நிற்கிறாள்.

பிற இந்திய மொழிகளும் இதற்கு விலக்கல்ல. தெலுங்கில் ‘பாலு மான்பிஞ்சு’ என்பதும், கன்னடத்தில் ‘ஹாலு பிடிசு’ என்பதும், இந்தியில் ‘தூத் சுடானா’ என்பதும் குழந்தையைப் பாலினின்று விடுவித்தல் அல்லது நிறுத்தச் செய்தல் என்னும் பொருளுடைய பிறவினைகளே. மலையாளத்தில் முலைகுடியை ‘மாற்றுக’ என்பர். இச்சொற்கள் அனைத்திலும் தாய் செய்பவள், எய்துபவள் அல்லள். தாயின் உடலைச் சுட்டும் வழக்குகளான ‘பால் கட்டுதல்’, ‘பால் வற்றுதல்’ ஆகியவற்றிலோ எழுவாய் பாலே ஆகும். ஆகவே குழந்தை மறக்கிறது, பால் வற்றுகிறது. தாய் அடையும் நிலைக்கு மட்டும் வினைச்சொல் இல்லை.

விவிலியத்தைத் தமிழாக்கியோரும் இவ்வழக்கையே மேற்கொண்டனர். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெருவிருந்து அளித்த செய்தி ஆதியாகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. அமைதியுற்ற உள்ளத்திற்குப் பால் மறந்த குழந்தையை உவமையாக்குகிறது 131ஆம் சங்கீதம். விருந்து தந்தையுடையது, அமைதி குழந்தையுடையது.

குழந்தையின் இழப்புக்குத் தமிழில் தனிச்சொல் இருப்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தாய் மீண்டும் கருவுற்றமையாலோ அடுத்த குழந்தையைப் பெற்றமையாலோ பால் கிடைக்காமல் மெலிந்த பிள்ளையைச் ‘சவலைப் பிள்ளை’ என்பர். நான்கடியுள் இரண்டாம் அடியும் ஈற்றடி போல் தனிச்சொல் இன்றி முச்சீராய்க் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குச் ‘சவலை வெண்பா’ என்று யாப்பிலக்கணம் பெயரிட்டது. மெலிந்த குழந்தையின் உருவம் இலக்கணக் கலைச்சொல்லாகும் அளவுக்கு மக்கள் நினைவில் பதிந்திருந்தது எனலாம். ஆப்பிரிக்காவின் கா மொழியில் இதற்கு இணையான சொல் ஒன்று உண்டு. இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு, அடுத்த குழந்தை பிறந்தபின் மூத்த குழந்தைக்கு வரும் நோயைக் குறிக்கும் ‘குவாசியோர்க்கர்’ என்னும் அம்மக்களின் சொல்லை 1935இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். புரதக் குறைபாட்டு நோயின் பெயராக அது இன்றும் வழங்குகிறது. தமிழும் கா மொழியும் குழந்தையின் இழப்பைத் தனிச்சொல்லால் சுட்டுகின்றன. ஒரு குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு மற்றொன்றை மார்பிலிருந்து விலக்க நேர்ந்த தாயின் நிலைக்குச் ‘சவலை’ போன்றதொரு சொல் வழக்கில் அமையவில்லை.

2. தொடக்கத்துக்குச் சடங்கு, முடிவுக்கு மௌனம்

வாழ்வின் மாற்றங்களைச் சடங்காக்கி ஏற்பது இந்திய மரபு. பிறந்த குழந்தைக்கு முதன்முதலில் முலை கொடுத்தல் ஒரு சடங்காகவே கிருகிய சூத்திரங்களில் கூறப்படுகிறது. பிருகதாரணியக உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்திலும், தந்தை குழந்தையைத் தாயிடம் தந்து, கலைமகளை வேண்டி முலையூட்டச் செய்யும் பகுதி உண்டு. ஆறாம் திங்களில் சோறூட்டும் ‘அன்னப்பிராசனம்’ பதினாறு சம்ஸ்காரங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. கேரளத்தில் இது ‘சோறூண்’ எனப்படும். குருவாயூர்க் கோயிலில் நாள்தோறும் குழந்தைகளுக்குச் சோறூண் நடைபெறுவதைக் காணலாம். பாலின் தொடக்கத்துக்கும் சோற்றின் தொடக்கத்துக்கும் சடங்கு வகுத்த மரபு, பாலின் முடிவைப் பதினாறனுள் ஒன்றாக எண்ணவில்லை. சோறூண் சுற்றத்தார் சூழ நடக்கும் விழா. பால்மறப்போ பெரும்பாலும் இரவில், அறைக்குள், தாயும் குழந்தையும் அறிய மட்டும் நடக்கும் போராட்டம்.

பிள்ளைத்தமிழ் மரபிலும் இம்மௌனம் தொடர்கிறது. காப்பு முதல் சிறுதேர் ஈறாக ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களை மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் அமைத்துக் கூறுவர். பெரும்பாலான குழந்தைகள் பால் மறக்கும் காலம் இந்த எல்லைக்குள்ளும் அதனை ஒட்டியுமே அமைகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி நூற்றுக்கணக்கான நூல்கள் இவ்வகையில் எழுந்தன. குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, முத்தம் தருவது, நடந்து வருவது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பருவமாயிற்று. அவை அனைத்தும் குழந்தை புதிதாகப் பெறும் திறன்கள். குழந்தை ஒன்றை விடுவது பருவமாகவில்லை. பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாக்கிப் போற்றும் இலக்கிய வகையில் தாய் போற்றுபவளாகவே குரல் பெறுகிறாள். தன் இழப்பைச் சொல்ல அங்கு அவளுக்கு இடம் அமையவில்லை.

நாட்டுப்புறத் தாலாட்டுகளில், அழும் குழந்தையை நோக்கி ‘உன்னை அடித்தவர் யார்’ என்று மாமன், அத்தை, பாட்டி என உறவினரை வரிசைப்படுத்திக் கேட்கும் முறை பரவலாக உள்ளது. அழுகைக்குக் காரணம் எப்போதும் பிறரே. பால்மறப்பு இரவில் குழந்தை அழுவதற்குக் காரணம் பாடுபவளே. ஆதலின் அவ்வரிசையில் சுட்டிக்காட்ட அவளுக்கு ஒருவரும் இல்லை. அவ்விரவுகளில் குழந்தையைப் பாட்டியின் அருகில் உறங்கவைக்கும் வழக்கம் இந்த இடர்ப்பாட்டுக்குக் குடும்பங்கள் கண்ட தீர்வு எனலாம்.

பிற சமய நூல்களில் இரண்டு செய்திகள் இங்குக் கருதத்தக்கவை. முதல் சாமுவேல் நூலில், நெடுநாள் குழந்தையின்றி இருந்து மகனைப் பெற்ற அன்னாள், அவனை ஆலயத்துக்கு ஒப்படைப்பதாக நேர்ந்துகொண்டவள். பிள்ளை பால் மறக்கும்வரை ஆண்டு விழாவுக்கு வரவில்லை என்று கணவனிடம் கூறிவிடுகிறாள். பால் உள்ள வரையில்தான் பிள்ளை அவளுடையவன். பிரிவின் நாளை அவள் தன் பாலைக் கொண்டு அளந்தாள். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் முழுமையாகப் பாலூட்ட விரும்புவோர்க்கு இரண்டு ஆண்டுகளை வகுத்து, தாயும் தந்தையும் கலந்து பேசி இசைந்தால் முன்னதாகவே நிறுத்துவது குற்றமில்லை என்கிறது. பாலை நிறுத்துவதில் தாயின் இசைவையும் ஒரு நிபந்தனையாக வைத்தது இவ்வசனத்தின் சிறப்பாகும்.

3. சங்கப் பாடல்களில் பாலும் தாயும்

பால் விட்டமையை வெளிப்படையாகக் கூறும் சங்கப் பாடல் புறநானூற்றின் 77ஆம் பாடலாகும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது. சதங்கை கழற்றிய காலில் கழல் அணிந்து, தேரின்மேல் வில்லேந்தி நிற்கும் இளையோனின் கழுத்தில் குழந்தைப் பருவத்துத் தாலி இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டு உணவு உண்டதும் அன்றுதான் என்கிறார் புலவர். இளமையை மிகுத்துக் கூறி வீரத்தை வியத்தல் இதன் உத்தி. பால் விடுதல் இங்குப் போர்க்களத்தின் வாயில். அரண்மனையில் அப்பாலை ஊட்டிய பெண் பாட்டில் தோன்றவில்லை.

வறுமையால் பால் அற்றுப்போன தாயரைப் புறநானூற்றின் 160, 164ஆம் பாடல்களில் காண்கிறோம். இரண்டும் குமணனைப் பாடியவை. முன்னதில் பெருஞ்சித்திரனாரின் மகன், பாலில்லா முலையைச் சுவைத்துப் பயன்பெறாமல், கூழும் சோறும் தேடி வெறும் கலங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், ஒன்றும் பயன்படாமல் வருந்துகிறாள். பின்னதில் பெருந்தலைச் சாத்தனார், தோலாய்த் திரங்கிய முலையைச் சுவைக்குந்தோறும் அழும் குழந்தையின் முகத்தை நீர் நிறைந்த கண்களுடன் நோக்கும் மனைவியைக் காட்டுகிறார். குழந்தையின் முகத்தைத் தாய் நோக்குகிறாள். அவள் துயரைக் கணவன் நோக்குகிறான். பின் அவன் வள்ளலை நாடி வருகிறான். பசி நிறுத்திய பால் இது. தாயின் விருப்பமோ குழந்தையின் வளர்ச்சியோ இதற்குக் காரணமல்ல. ஆயினும் பால் அற்ற தாயின் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்தார் என்பதற்கு இப்பாடல் அரிய சான்று. பார்த்தவர் அவள் கணவராகிய புலவர்.

இவ்வரிசையில் முதன்மையானது ஔவையார் பாடிய 295ஆம் பாடல். பகைவர் படையை ஊடறுத்துச் சென்று களத்தில் வெட்டுண்டு கிடந்த மகனைக் கண்ட முதிய தாயின் வற்றிய முலைகள் மீண்டும் ஊறிச் சுரந்தன என்கிறது இப்பாடல். பால் மறந்து பல்லாண்டு கழிந்தவன் மகன். மறவாதது தாயின் உடல். ‘பால் மறத்தல்’ என்னும் சொல் குழந்தைக்கு உரியது என்று மேலே கண்டோம். தாய்க்கு அம்மறதி இல்லை என்பதை இப்பாடல் உடலின் வழியே உணர்த்துகிறது.

இப்பாடலின் துறை ‘உவகைக் கலுழ்ச்சி’ என்று வகுக்கப்பட்டுள்ளது. உவகையும் கண்ணீரும் ஒன்றாய் நிற்கும் நிலை என்பது இதன் பொருள். கலந்து நிற்கும் இரு மெய்ப்பாடுகளுக்குத் தமிழ்ப் புறப்பொருள் மரபு ஒரு பெயர் தந்திருக்கிறது. அதனைத் தாயின் பாலோடு சேர்த்தும் வைத்திருக்கிறது. ஆனால் அப்பெயர் மகனின் பிணத்தின்முன் நிற்கும் தாய்க்கே கிடைத்தது. முதன்முதலாக முலையை விட்டுக் கிண்ணத்தைப் பற்றிய மகனைக் கண்டு மகிழ்ந்தும் கலங்கியும் நின்ற அதே தாயின் முந்தைய நாள் ஒன்று இருந்திருக்கும். அந்நாள் எந்தத் துறையிலும் இடம்பெறவில்லை.

4. ஆழ்வார் பாசுரங்களில் இரு தாயர்

புறப்பாடல் விட்ட இடத்தைப் பக்தி இலக்கியம் தொட்டது. கண்ணனுக்குத் தாயர் இருவர்: பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. ஒருத்திக்குப் பாலூட்டும் பேறே வாய்க்கவில்லை. மற்றொருத்திக்கு அது முடியவேண்டிய காலம் வருகிறது. இவ்விருவரின் குரலில் ஆழ்வார்கள் பாடியபோது பாலின் முடிவு பற்றிய தாய்மனம் தமிழில் முதன்முறையாக நீண்ட பேச்சாக வெளிப்பட்டது.

சேர நாட்டு அரசராகிய குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகியின் புலம்பலைப் பாடுகிறார். தாலாட்டவும் தளர்நடை காணவும் பெறாத இழப்புகளை வரிசைப்படுத்தும் அப்பதிகத்தில் ஒரு பாசுரம் பாலுண்ணும் குழந்தையின் தோற்றத்தைக் கூறுகிறது. ஒரு கை மற்றொரு முலையை நெருட, வாயில் முலை இருக்க, இடையே தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் அந்த நோக்கினை இழந்தேன் என்கிறாள் தேவகி. அவள் இழந்ததாகக் கூறுவது நோக்கு. பாலுக்கு மாற்று உண்டு. ஆய்ப்பாடியில் பாலுக்குக் குறைவில்லை. உண்ணும்போதே ஊட்டுபவளின் முகத்தைக் காணும் அப்பார்வைக்கு மாற்றில்லை. பால் மறக்கச் செய்த தாய் எதனை இழக்கிறாள் என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கியம் தரும் துல்லியமான விடை இதுவே. அவ்விடை, ஊட்டவே பெறாதவளின் வாயிலிருந்து வருகிறது.

பெரியாழ்வாரின் யசோதை இதற்கு எதிர்நிலையில் நிற்பவள். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து இரண்டாம் திருமொழியில், பால் உண்ணாமலே இரவெல்லாம் உறங்கிவிட்ட பிள்ளையை அவள் எழுப்புகிறாள். குழந்தையின் வயிறு ஒட்டியிருப்பதைக் கண்டு வருந்துகிறாள்; தன் முலைகள் பெருகி வழிவதையும் சொல்கிறாள். பால் குழந்தைக்கு வேண்டியிருப்பது போலவே, குழந்தை உண்பதும் தாய்க்கு வேண்டியிருக்கிறது. பால் கட்டிய தாயின் உடல்வலியை அறிந்த எவரும் இப்பாசுரத்தைத் தத்துவமாக மட்டும் படிக்க இயலாது.

அதே நூலின் மூன்றாம் பத்து முதல் திருமொழியில் யசோதையின் குரல் மாறிவிடுகிறது. பூதனையின் உயிரை உண்டவன், ஊரில் குறும்பு செய்து பழி கொணர்பவன், தவழ்வதே பொய்யோ என ஐயுறத் தோன்றுபவன் என்று மகனின் செயல்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவனுக்கு இனி ‘அம்மம்’ தர அஞ்சுவதாகப் பாசுரந்தோறும் கூறுகிறாள். ‘அம்மம்’ என்பது முலைப்பாலைக் குறிக்கும் மழலைச்சொல். மகனின் தெய்வத்தன்மையை அறிந்ததால் எழுந்த அச்சம் என்று வைணவ மரபு இதற்குப் பொருள் கொள்ளும். அப்பொருளுக்கு ஊறு நேராமல் இன்னொன்றையும் காணலாம். மடியில் கிடந்தவன் தன் அறிவுக்கு எட்டாத ஒருவனாக வளர்ந்துவிட்டான் என்னும் திகைப்பும் பெருமிதமும் இதில் உண்டு. முலையை மறுக்கும்போதும் குழந்தையின் சொல்லாலேயே அதைக் குறிக்கிறாள் யசோதை. மறுப்பின் நடுவே அவள் மழலை பேசுவதில் அவளது இருமனம் வெளிப்படுகிறது.

ஒரே நூலுக்குள் ‘வந்து உண்’ என்ற அழைப்பும் ‘தர அஞ்சுகிறேன்’ என்ற தயக்கமும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே கழிந்த நாள்களே ஒரு தாயின் பால்மறப்புக் காலம் என்று கொள்வது பொருந்தும். ஆனால் மனிதத் தாய்க்கு நேரே சொல்ல வழியில்லாத இதனை, தெய்வக் குழந்தையின் தாய் வழியாகவே சொல்ல முடிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

5. மருத்துவ நூல்களும் மனை வழக்கமும்

பண்டைய மருத்துவ நூல்கள் பாலையும் தாயின் மனத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. குழந்தையைத் தொடுதலாலும் காண்டலாலும் நினைத்தலாலும் பால் வெளிப்படும், இடையறாத அன்பே அதற்குக் காரணம் என்பது சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி தரும் விளக்கம். சினமும் துயரமும் அன்பின்மையும் பாலைக் குறைக்கும் என்று அதன் சாரீரப் பகுதி கூறும். பால் சுரப்பில் புரோலாக்டின் என்னும் சுரப்பும், பாலை வெளிச்செலுத்துவதில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பும் பங்கு கொள்கின்றன என்பது இக்கால அறிவியல். குழந்தையின் அழுகுரல் கேட்ட அளவிலேயே ஆக்சிடோசின் வெளிப்படக்கூடும் என்பதால் பழைய நூலின் கூர்நோக்கு வியப்பளிக்கிறது.

கேரளத்து அட்டவைத்தியர் மரபில் பெரிதும் போற்றப்படும் வாக்படரின் அட்டாங்க இருதயம், பல் முளைத்த குழந்தையைப் படிப்படியாக முலையினின்று விலக்குமாறு உத்தர தானத்தின் முதல் அத்தியாயத்தில் கூறுகிறது. அவ்வாறு விலக்கப்பட்ட குழந்தையை மகிழ்விக்கச் சாரப்பருப்பு, அதிமதுரம், தேன், நெற்பொரி, கற்கண்டு ஆகியவற்றால் செய்த மோதகத்தைத் தரச்சொல்கிறது. குழந்தையின் மனம் வாடும் என்றறிந்து அதற்கு இனிப்பு வகுத்த அருமையான விதி இது. பால் சுரப்பதற்குத் தாயின் அன்பே காரணம் என்ற மருத்துவ மரபு, பாலை நிறுத்தும் இவ்விடத்தில் குழந்தையின் வாட்டத்தையே கருதியது.

நூல் இனிப்பைக் கூறினாலும் மனை வழக்கம் கசப்பை நாடியது. தமிழகத்தில் வேப்பிலையை அரைத்தோ வேப்பெண்ணெயைத் தொட்டோ முலைக்காம்பில் தடவுவர். கேரளத்தில் கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறையவைத்த ‘சென்னிநாயகம்’ இதற்குப் பயன்படும். தமிழில் இதனையே கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் வழங்குவர். கசப்பை உணர்ந்த குழந்தை முகம் சுளித்துத் தாயைப் பார்க்கும். தேவகி ஏங்கிய நோக்கு இவ்வாறு ஐயம் கலந்த நோக்காக மாறும் கணம் ஒன்று பல தாயரின் நினைவில் உண்டு. ‘படிப்படியாக’ என்ற நூலின் சொல்லைக் கடைப்பிடிக்கக் கால அவகாசம் வேண்டும். வயலுக்கோ வேலைக்கோ திரும்பவேண்டிய பெண்ணுக்கும், மீண்டும் கருவுற்ற பெண்ணுக்கும் அந்த அவகாசம் வாய்க்கவில்லை. கசப்பு விரைவாகச் செயற்படுவது. அதனால்தான் அது வழக்காயிற்று எனலாம்.

திடீரெனப் பாலை நிறுத்தினால் முலை கட்டி வலிக்கும், காய்ச்சலும் வரக்கூடும். இதற்குத் தென்னிந்தியப் பெண்கள் கையாண்ட மருந்து மல்லிகை. மல்லிகைச் சரத்தை முலைகளின்மேல் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது நெடுநாள் அனுபவம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இவ்வழக்கத்தைச் சோதித்து 1988இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பால் சுரப்பை அடக்கத் தரப்படும் புரோமோகிரிப்டின் மருந்தோடு மல்லிகையை ஒப்பிட்ட அவ்வாய்வு, புரோலாக்டின் அளவைக் குறைப்பதில் மருந்து முந்தினாலும், முலைக்கட்டையும் பாலையும் குறைப்பதில் மல்லிகை அதற்கு இணையாகவே பயன்தந்தது என்று காட்டியது.

மல்லிகை தமிழ்ப் பெண்ணின் வாழ்வில் மணத்தோடும் மங்கலத்தோடும் இணைந்த மலர். கூந்தலுக்குரிய அதே சரம் மார்பில் கட்டப்படும்போது அதன் மணம் மாறுவதில்லை, பொருள் மாறுகிறது. அதை அணிந்தவள் விடுதலையை உணர்ந்தாளா, துயரை உணர்ந்தாளா என்பதை ஆய்வு நிகழ்த்திய மருத்துவர்கள் அளக்கவில்லை. அது அவர்களின் நோக்கமும் அன்று. இலக்கிய ஆய்வாளர் கேட்கவேண்டிய வினா அது.

6. சட்டமும் காலக்கணக்கும்

பால்மறப்பின் காலத்தை முன்பு பல்லும் பசியும் அடுத்த கருவும் முடிவுசெய்தன. 20ஆம் நூற்றாண்டில் அலுவலக நாட்காட்டியும் அவற்றோடு சேர்ந்தது. இந்திய அரசு 1961இல் இயற்றிய மகப்பேற்று நலச் சட்டம் 12 வாரச் சம்பள விடுப்பை வகுத்தது. குழந்தை 15 திங்கள் நிறைவெய்தும்வரை பணியிடத்தில் நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்றும் விதித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் கூறியது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடைசெய்தன.

முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டும், பின்னர்ப் பிற உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக நல நிறுவனத்தின் பரிந்துரை. 26 வாரம் என்பது இதன் முதற்பகுதிக்கு மட்டுமே இடம் தருகிறது. எஞ்சிய ஒன்றரை ஆண்டைப் பணியாற்றும் தாய் தன் உடலாலும் நேரத்தாலும் ஈடுசெய்ய வேண்டியுள்ளது. அமைப்புசாராத் தொழில்களில் உழைக்கும் பெண்களுக்கோ இக்காலக்கணக்குப் பெரும்பாலும் எட்டாததாகவே இருந்துவந்துள்ளது.

இச்சூழலில் தாய் இரு திசைகளிலும் குற்றவுணர்வுக்கு ஆளாகிறாள். முன்னதாக நிறுத்தினால் குழந்தையை வஞ்சித்தவள். நெடுநாள் தொடர்ந்தால் ‘இன்னுமா’ என்னும் வினாவுக்கு உரியவள். முன்னைய தாய் தெய்வத்தின் மொழியில் தன் தயக்கத்தைச் சொன்னாள். இன்றைய தாய்க்கு அறிவுரைகள் நிறைய உள்ளன. அவை திங்களையும் வாரத்தையும் கணக்கிடுகின்றன. கடைசிமுறை பாலூட்டியது எந்நாள் என்பதுகூடப் பல தாயர்க்குத் தெரிவதில்லை. அது கடைசிமுறை என்று அப்போது எவரும் அறிவதில்லை. சில நாள்கள் கழித்தே அது புலனாகிறது. நாள் அறியாத பிரிவுக்குச் சடங்கு வகுப்பதும் அரிது. மரபின் மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தாய்ப்பால் முடிவுறுவதைக் குறிக்கும் சொற்கள் குழந்தையையும் பாலையும் எழுவாயாகக் கொண்டவை. குழந்தையின் இழப்பைச் ‘சவலை’ என்னும் சொல் காத்துவைத்தது போல் தாயின் நிலையைக் காக்கும் சொல் வழக்கில் வேர்கொள்ளவில்லை. பாலின் தொடக்கத்தையும் சோற்றின் தொடக்கத்தையும் போற்றிய சடங்கு மரபு பாலின் முடிவை விட்டுவிட்டது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் தாய்மனம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. புறநானூற்றில் வறிய மனைவியின் கண்ணீராகவும், முதிய தாயின் மீண்டும் ஊறிய பாலாகவும், குலசேகரரின் தேவகியில் இழந்த நோக்காகவும், பெரியாழ்வாரின் யசோதையில் மழலைச்சொல்லால் அமைந்த மறுப்பாகவும் அது வெளிப்பட்டுள்ளது. பாலூட்டவே பெறாத நிலை, வறுமை, சாவு, தெய்வம் என்னும் எல்லைகளில் நின்றே அது பேசியிருக்கிறது. இயல்பான நாளொன்றில், நலமாக வளரும் குழந்தையின் முன் தாய் கொள்ளும் இருமனத்திற்குப் பேச இடம் கிடைக்கவில்லை.

அதற்குரிய பெயரைப் பிறமொழியில் தேடவேண்டியதில்லை. ‘உவகைக் கலுழ்ச்சி’ என்னும் துறைப்பெயரைப் போர்க்களத்திலிருந்து மனைக்குக் கொண்டுவந்தால் போதும். மகன் வீழ்ந்தபோது தாய் அடைந்ததாகப் புலவர் கண்ட கலப்புணர்வு, அவன் தளர்நடையிட்டுத் தன்னைவிட்டு முதலடி விலகிய நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதி. வேம்பு, கரியபோளம், மல்லிகை என்று மனை மருந்துகளைத் தொகுக்கும் நாட்டுப்புறவியல் ஆய்வாளர்கள், மருந்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதைத் தடவிய நாளைப் பற்றியும் மூத்த பெண்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அந்நாளை நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம் வீடுகளில் உள்ளனர். இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர் என் தாயாரிடம் அதனைக் கேட்டேன். “உனக்கு வேப்பெண்ணெய் வச்ச அன்னைக்கு நானும் சாப்பிடல” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அவரிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.